தேறினவரின் எழுத்து

எசேக்கியா அரசன் நோயுற்று, அந்நோயினின்று தேறிய பின் எழுதிவைத்த பாடல் ஏசாயா ஆகமம் 38ஆம் அதிகாரத்தில் இடம்பெற்றுள்ளது. இராஜாக்களின் இரண்டாம் புத்தகமும் இதே வரலாற்றைக் கூறுகிறது. ஆனால் பாடலைத் தரவில்லை. நம் சபைகளின் நன்றியறிதல் ஆராதனைகளில் இப்பகுதியை வாசிப்போர், கூட்டிக்கொடுக்கப்பட்ட 15 ஆண்டுகளையும் பாடலின் முடிவில் வரும் ஆலயத் துதியையும் எடுத்துக்கொண்டு இடைப்பட்டதை விட்டுவிடுவது வழக்கம். அவ்வாறு விடப்படுவதே பாடலின் பெரும்பகுதி. எழுதுகிறவன் தேறிவிட்டான், எனினும் அவன் எழுத்து பாதாளத்தின் வாயிலில்தான் தொடங்குகிறது. மேய்ப்பனின் கூடாரத்தைப் போலத் தன் வாழ்நாள் பெயர்க்கப்பட்டதையும், நெய்கிறவன் பாவை அறுப்பதுபோலத் தான் அறுக்கப்பட்டதையும், சிங்கம் ஒன்று தன் எலும்புகளை நொறுக்கினாற்போல் விடியுமட்டும் கிடந்ததையும் அவன் சொல்கிறான். இனி வரும் ஆண்டுகளையும் உள்ளத்தின் கசப்போடுதான் நடந்து கடப்பேன் என்கிறான். நலம் பெற்ற ஒருவன் இவ்வாறு எழுதலாமா என்னும் கேள்வி நம்மிடையே எழுவதில்லை. அவ்வசனங்களை நாம் வாசித்தாலன்றோ எழும்!

இக்கேள்வியை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியவை, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உட்பட்டோர் ஆங்கிலத்தில் எழுதிய சில நூல்கள். 1970களுக்குப் பின் இவ்வகை எழுத்து ஒரு தனி இலக்கியப் பிரிவாகவே வளர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் மருத்துவத்தில் உள்ளது. அறுவை, கதிரியக்கம், கீமோதெரபி ஆகிய மூன்றும் இணைந்தபோது, முன்னர் இல்லாத ஒரு காலம் மனிதர் வாழ்வில் பிறந்தது. நோயும் முழுமையாக நீங்கவில்லை, மரணமும் வரவில்லை. அல்லது நோய் நீங்கிற்று என்பர், ஆனால் அது திரும்புமோ என்று சில மாதங்களுக்கொருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பர். மருத்துவர்கள் 'குணமடைந்தார்' என்று சொல்லத் தயங்கி, 'நோயின் அறிகுறி இப்போது காணப்படவில்லை' என்று மட்டும் சொல்லும் காலம் இது. இக்காலத்தில் வாழ்வோர் எதை எழுதுகின்றனர், அதைத் திருச்சபை எவ்வாறு கேட்கிறது என்பதே நாம் ஆய விழைவது.

ஆய்வுக்குள் நுழையுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் முன்னர் ஊழியம் செய்த ஒரு சேகரத்தில், பள்ளி ஆசிரியையான சகோதரி ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோதெரபியும் கதிரியக்கமும் பெற்று மீண்டார். அவ்வாண்டு அறுப்பின் பண்டிகையில் அவர் சபை முன் சாட்சி கூறினார். தயங்கிய அவரை வற்புறுத்தி நிறுத்தியவர் நாமே. 'ஆண்டவர் உங்களை முற்றும் குணமாக்கினார் என்று சொல்லுங்கள்' என்று சொற்களையும் நாமே எடுத்துக் கொடுத்தோம். 14 மாதங்கள் கழித்து நோய் எலும்பில் தோன்றிற்று. அதன்பின் அவர் ஆலயத்துக்கு வருவது நின்றது. உடல்நலக் குறைவே காரணம் என்று எண்ணி வீட்டுக்குச் சென்றோம். அவர் கேட்டது இது: 'ஐயா, அன்றைக்குச் சபையில் நான் சொன்னது பொய்யாகிப் போயிற்றா?' நாம் ஒரு ஜெபம் செய்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம். இக்கட்டுரை அக்கேள்வியின் முன் உட்கார்ந்து எழுதப்படுவது. எனவே இதனை நடுநிலைத் திறனாய்வு என்று வாசகர் கொள்ளவேண்டா.

முதலில் சூசன் சான்டாக். 1975இல் புற்றுநோய் கண்டு கடும் சிகிச்சைக்கு உட்பட்ட இவர், நோயை உருவகமாக்கும் வழக்கத்தைச் சாடி 1978இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டு காசநோயின்மேல் ஏற்றிய கற்பனைகளையும், 20ஆம் நூற்றாண்டு புற்றுநோயின்மேல் ஏற்றியவற்றையும் அருகருகே வைத்துக் காட்டினார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1971இல் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்ட காலந்தொட்டு அந்நாட்டில் இந்நோயைப் பற்றிய பேச்சு முழுவதும் போர்ப் பேச்சாயிற்று. நோயாளி போர்க்களமானார், இறந்தவர் தோற்றவரானார். இதைவிடக் கொடியது, மனத்தில் உணர்ச்சிகளை அடக்கி வைப்போருக்கே இந்நோய் வரும் என்று உளவியலின் பெயரால் பரப்பப்பட்ட கொள்கை. அது நோயாளியையே குற்றவாளியாக்கிற்று என்பது சான்டாக்கின் வாதம். இவ்வாதம் நமக்கு மிக அருகில் வந்து படுகிறது. 'மறைவான பாவம் ஏதேனும் உண்டா?', 'விசுவாசத்தில் குறைவுண்டா?' என்று நோயாளியின் கட்டிலருகே கேட்கப்படுவதும் அக்கொள்கையே. நாம் அதற்கு வேதச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறோம், அவ்வளவே. யோபுவின் நண்பர்கள் செய்த அதே தையல் வேலை.

எனினும் உருவகங்களை அறவே நீக்கவேண்டும் என்று அவர் சொல்லுமிடத்தில் நாம் உடன்செல்ல இயலவில்லை. 'புற்றுநோய்' என்னும் தமிழ்ச் சொல்லே கறையான் புற்றை நினைவூட்டுவது. மேலைநாட்டார் சொல் நண்டிலிருந்து பிறந்தது. பெயரிலேயே உவமை ஒட்டிக்கொண்டிருக்கும் நோயைப் பற்றி உவமையின்றிப் பேசுவது எங்ஙனம்? எசேக்கியா மூன்று வசனங்களுக்குள் கூடாரம், தறி, சிங்கம், பறவைகள் என்று அடுக்குகிறான். வேதனையுறுவோர்க்கு உருவகம் ஒரு கைத்தடி. ஆகவே உருவகம் வேண்டுமா வேண்டாவா என்பதன்று கேள்வி. அதைத் தெரிந்தெடுப்பவர் யார் என்பதே கேள்வி. எசேக்கியா தன் சிங்கத்தைத் தானே கண்டான். 'போராளி' என்னும் பட்டமோ, பெரும்பாலும் நலமாயிருப்போர் நோயாளிக்குச் சூட்டுவது. 'புற்றுநோயோடு வீரத்துடன் போராடிக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று நாம் எழுதும் அஞ்சலிக் குறிப்புகளில், இறந்தவர் அச்சொல்லை ஒருநாளேனும் தம் வாயால் சொன்னாரா என்று விசாரித்ததுண்டா?

சான்டாக்கின் நூலில் இன்னொரு குறையும் உண்டு. தாம் நோயுற்றதை அவர் அந்நூலில் எங்கும் சொல்லவில்லை. தம் கதையை மற்றுமொரு கதையாகச் சேர்ப்பதால் பயனில்லை என்று கருதியதாக, எய்ட்ஸ் நோய் பற்றி 1989இல் எழுதிய நூலில் விளக்கம் தந்தார். அவ்விளக்கம் மதிப்புக்குரியதே. ஆயினும் சிகிச்சையின் நாள்கள் எவ்வாறு கழிந்தன என்று அறிய விரும்புவோர் அந்நூலை விட்டு வேறிடம் செல்லவேண்டியுள்ளது.

அவ்வேறிடம் ஆட்ரி லார்டின் நாட்குறிப்புகள். கறுப்பினக் கவிஞரும் பெண்ணுரிமைப் போராளியுமான இவருக்கு 1978இல் ஒரு மார்பு அகற்றப்பட்டது. அக்காலத்துக் குறிப்புகளையும் கட்டுரைகளையும் சேர்த்து 1980இல் நூலாக்கினார். அறுவைக்குப் பின் சில நாள்களில் நலம்விரும்பியான பெண்ணொருவர் வந்து, மேலாடைக்குள் வைத்துக்கொள்ளும்படி வெளிர்சிவப்புப் பஞ்சுப்பொதி ஒன்றைத் தருகிறார். இதை வைத்தால் எவருக்கும் வேறுபாடு தெரியாது என்கிறார். லார்ட் அதை வைத்துப் பார்க்கிறார். தம் உடலோடு ஒட்டாத அந்நியப் பொருளாகத் தோன்ற எடுத்துவிடுகிறார். பின்னொருநாள் மருத்துவரின் அலுவலகத்துக்கு நன்றாக உடுத்து, மனநிறைவோடு செல்கிறார். பொதி வையாமல் வருவது அங்குள்ள மற்றவர்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று செவிலி ஒருவர் சொல்கிறார். இஸ்ரவேலின் மோசே தயானை லார்ட் இவ்விடத்தில் நினைவூட்டுகிறார். போரில் ஒரு கண்ணை இழந்து கறுப்புத் திரை அணிந்த அவ்வமைச்சரிடம், கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளும், உம்மைப் பார்ப்பவர்க்குச் சங்கடம் என்று எவரும் சொன்னதில்லையே என்கிறார்.

இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை திரும்பப் படித்தோம். செவிலி கொடியவர் அல்லர். பிறர் நலனை முன்னிட்டே பேசினார். நோயுற்றவரின் உடல் நலமுற்றோரின் அமைதியைக் கெடுக்கலாகாது என்பதே அவர் கேட்டது. நன்றியறிதல் ஆராதனையில் நாமும் அதையன்றி வேறென்ன கேட்கிறோம்? இங்கே உயிர்த்தெழுந்தவரின் தழும்புகளையும் தோமாவையும் இழுத்துவர நம் கை பரபரக்கிறது. அவ்வாறு செய்வது லார்டைக் கேளாமலே அவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாகும். அவர் கிறித்தவ நம்பிக்கையிலிருந்து எழுதவில்லை. அவரது எழுத்தில் பெண்களின் அன்பும் சினமுமே தாங்கும் தூண்கள். அவரை அவராகவே விட்டுக் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்போம். நோய் பின்னர் ஈரலில் தோன்ற, 1992இல் அவர் காலமானார். ஆயினும் 1980இல் எழுதிய ஒரு வரியையும் அவர் பொய்யென்று திரும்பப் பெறவேண்டியிருக்கவில்லை. ஏனெனில் அதில் அவர் வெற்றி எதையும் அறிவித்திருக்கவில்லை.

மற்ற இருவரும் இறையியல் ஆசிரியர்கள்; எனவே நமக்கு உறவினர் முறை. கேட் பௌலர் கனடாவின் மானிட்டோபாவில், மெனோனைட் சமூகத்தின் நடுவே வளர்ந்தவர். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பிப்பவர். 'செழிப்பின் நற்செய்தி' என்று வழங்கும் போதனையின் அமெரிக்க வரலாற்றை ஆய்ந்து 2013இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். விசுவாசத்தின் அளவுக்கேற்பச் செல்வமும் உடல்நலமும் வரும் என்று முழங்கும் மேடைகளை அவர் ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கண்டவர். 2015இல், தம் 35ஆம் வயதில், பெருங்குடல் புற்றுநோய் நான்காம் நிலையில் இருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டது. அப்போது மகன் சிறு குழந்தை. 'எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது' என்னும் வழக்கமான ஆறுதல் மொழியையே தலைப்பாக்கி, தாம் விரும்பி நம்பிய பொய்களில் அதுவும் ஒன்று என்று துணைத்தலைப்பிட்டு, 2018இல் அவர் எழுதிய நூல் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது.

அந்நூலின் வலிமை ஒரு கண்டுபிடிப்பில் உள்ளது. செழிப்புப் போதகரை ஆய்ந்தபோது தாம் வெளியே நிற்பதாகப் பௌலர் எண்ணியிருந்தார். நோயுற்றபோது தாமும் அதே கணக்கை வைத்திருந்தது தெரிந்தது. நன்றாக உழைத்தால், நல்லவளாய் இருந்தால், வாழ்வு ஒழுங்காகக் கூடிவரும் என்னும் கணக்கு. இக்கணக்கு மேடைப் போதகர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதே நூலின் கூர்மையான இடம். அவரது வீட்டு வாயிலில் அயல்வீட்டுப் பெண்ணொருவர் வந்து, எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல, அக்காரணத்தைக் கேட்க மிகவும் ஆவலாயிருக்கிறேன் என்று கணவர் அமைதியாக விடையிறுக்கிறார். அவ்வாயிலில் நாமும் எத்தனை முறை நின்றிருக்கிறோம்!

இன்னோரிடம் இறையியல் மாணவர் ஊன்றிப் படிக்கத் தக்கது. நோய் தெரிந்த முதல் நாள்களில், சினம் வரவேண்டிய நேரத்தில், தாம் அன்பினால் தாங்கப்படுவதாக ஓர் உணர்வு தம்மைச் சூழ்ந்ததாகப் பௌலர் எழுதுகிறார். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் அது மேடைச் சாட்சியாகியிருக்கும். அவரோ, இவ்வுணர்வு நிலைக்குமா என்று அறிந்தோரிடம் விசாரிக்கிறார். நிலைக்காது, ஆனால் அதன் பதிவு இருக்கும் என்கின்றனர். அவ்வாறே அது விலகுகிறது, விலகியதையும் எழுதிவைக்கிறார். அருளின் வருகையை அறிவிக்கும் நூல்கள் நம்மிடம் பல உண்டு. அது போய்விட்ட பின் வரும் செவ்வாய்க்கிழமையை எழுதியவை சிலவே.

அவரது சிகிச்சை வாராவாரம் விமானமேறி அட்லாண்டா நகருக்குச் சென்று திரும்பும் சிகிச்சையாக இருந்தது. நோயை எதிர்க்க உடலின் நோய்த்தடுப்பு ஆற்றலையே தூண்டும் மருந்துகளின் பரிசோதனை ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டார். அவருடைய கட்டியின் மரபணு இயல்பு அம்மருந்துக்கு இணங்கியது, சிலருக்கே அமைவது. பிழைத்ததற்குக் காரணம் அதுவே என்று அறிந்த ஒருவர், தம் விசுவாசமே பிழைக்கவைத்தது என்று சொல்ல எளிதாயிருந்தும் சொல்லாதிருக்கிறார். இந்த அடக்கத்தை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். பயணத்தைப் பற்றி ஒரு சொல்: திருநெல்வேலியிலிருந்து இரவுப் பேருந்தில் அடையாறுக்கோ வேலூருக்கோ சென்று, காலையில் இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும் நம் சபையாருக்கு விமானம் வியப்பளிக்கும், காத்திருத்தல் வியப்பளிக்காது.

குறையும் சொல்லவேண்டும். பௌலரின் நகைச்சுவை பல இடங்களில் உண்மையைத் தாங்குகிறது. சில இடங்களில் வாசகரைச் சீக்கிரம் விடுவித்துவிடுகிறது. வேதனை உச்சத்துக்கு வரும்போது ஒரு வேடிக்கை வந்து கதவைத் திறந்துவிடுகிறது. நூலின் பின்னிணைப்பாக, நோயாளியிடம் சொல்லத் தகாதவை, சொல்லத் தக்கவை என்று இரு பட்டியல்கள் உள்ளன. நூலுள் பலராலும் விரும்பப்படும் பகுதி அதுவே எனத் தோன்றுகிறது. நம் கருத்தில் நூலின் மெலிந்த பகுதியும் அதுவே. அது துன்பத்தை நல்லொழுக்கப் பாடமாக்கிவிடுகிறது. ஆயர் ஒருவர் அப்பட்டியலை மனப்பாடம் செய்து, தவறான சொல் ஒன்றும் சொல்லாமல், நோயாளியைச் சந்திக்காமலே சந்திப்பை முடித்துவிட முடியும். 2021இல் வந்த அவரது அடுத்த நூல் இவ்வகையில் மேலானது. இறக்கப்போகிறோம் என்றிருந்தவர் தொடர்ந்து வாழ நேர்ந்தால் அவ்வாழ்வை என்ன செய்வது என்னும் கடினமான வினாவை அது எழுப்புகிறது.

டாட் பில்லிங்ஸ் மிச்சிகன் மாநிலத்தில் ஹாலந்து நகரிலுள்ள வெஸ்டர்ன் இறையியல் கல்லூரியில் சீர்திருத்த இறையியல் கற்பிக்கும் பேராசிரியர். 2012இல், 39ஆம் வயதில், இரண்டு சிறு பிள்ளைகளின் தந்தையாய் இருக்கையில், எலும்பு மச்சையைப் பற்றும் 'மல்டிபிள் மைலோமா' என்னும் புற்றுநோய் அவருக்குக் காணப்பட்டது. அதைத் தணிக்கலாம், தள்ளிப்போடலாம். முற்றும் நீக்க வழியில்லை என்றனர். கீமோதெரபியும் குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் பெற்றார். 2015இல் வெளிவந்த அவரது நூல், புலம்பலில் களிகூர்தல் என்னும் பொருள்படும் தலைப்புடையது. புலம்பல் சங்கீதங்களையும் ஹைடல்பர்க் வினாவிடையின் முதல் வினாவையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டு அவர் நடக்கிறார். கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்னும் வினாவுக்கு விடை கூற மறுக்கிறார்; அதே வேளையில் அவ்வினாவைக் கடவுளிடமே கேட்கும் உரிமையைச் சங்கீதங்களைக் கொண்டு நிறுவுகிறார். அவநம்பிக்கையின் முணுமுணுப்பு வேறு, உடன்படிக்கையைப் பற்றிக்கொண்டு செய்யும் முறையீடு வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நூலை மாணவர் கைக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆயினும் இங்கே உடல் சற்று மறைந்துபோகிறது. லார்டைப் படித்துவிட்டு வருவோருக்கு இது உடனே தெரியும். குமட்டலும் காய்ச்சலும் தனிமையும் ஓரிரு பத்திகளில் வந்து, கோட்பாட்டு விளக்கத்துக்கு இடம்விட்டு ஒதுங்கிவிடுகின்றன. பேராசிரியர் தம் கட்டிலிலிருந்து எழுந்து கரும்பலகைக்குச் சென்றுவிடுகிறார். விதிவிலக்கான ஓரிடம் நூலின் தொடக்கத்திலேயே உண்டு. அவரது சபையைச் சேர்ந்த, டவுன் குறைபாடுள்ள ஒரு சிறுமி வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். அதில் கடவுள் புற்றுநோயினும் பெரியவர் என்று எழுதியிருக்கிறாள். புற்றுநோய் இல்லை என்றோ, போய்விடும் என்றோ அவள் எழுதவில்லை. பில்லிங்ஸ் அதைக் கண்டு கண்கலங்குகிறார். பின்வரும் பக்கங்கள் பலவும் அவ்வட்டைக்கு எழுதிய உரையாகவே நமக்குப் படுகின்றன. உரையினும் மூலம் சிறந்தது.

இந்நால்வரையும் படித்தபின் எசேக்கியாவிடம் திரும்பினால் 39ஆம் அதிகாரம் புதிதாய்த் தெரிகிறது. அரசன் நோயுற்றுத் தேறினதைக் கேள்விப்பட்டுப் பாபிலோனிலிருந்து தூதுவர் காணிக்கையோடு வருகின்றனர். அவன் மகிழ்ந்து, தன் பொக்கிஷசாலை முழுவதையும் திறந்து காட்டுகிறான். தேறியவனைப் பார்க்க வந்தோர்க்கு அவன் காட்டியது கசப்போடு நடந்த நாள்களை அன்று. பொன்னையும் வெள்ளியையும் ஆயுதங்களையும். அதன் விளைவை ஏசாயா உரைக்கிறார். அந்தச் சகோதரியை அறுப்பின் பண்டிகையில் நாம் நிறுத்தியது இப்பொக்கிஷசாலைக் கதவருகில்தான். இன்னொன்று: அத்திப்பழ அடையைக் கட்டியின்மேல் பூசிய செய்தி, இராஜாக்களின் புத்தகத்தில் உரிய இடத்தில் வர, ஏசாயாவில் பாடல் முடிந்தபின், மறந்துபோனதை நினைத்துக்கொண்டாற்போல் கடைசியில் வருகிறது. மருந்தைச் சாட்சியின் முடிவில் ஒட்டவைக்கும் வழக்கம் பழைமையானதுதான்.

இச்சந்தர்ப்பத்தில் ஆயர்கள் அறிய வேண்டிய சிறிய காரியங்கள் சில, பொருளுக்குப் புறம்பாகத் தோன்றினும் சொல்லிவிடுகிறோம். கீமோதெரபியில் மருந்தேறிய பின் ஏறத்தாழ ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் இரத்த வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறையும். அந்நாள்களில் பொதுப் பாத்திரம் அவருக்கு ஆபத்தாகலாம்; கைகுலுக்கி வாழ்த்துவதும் அவ்வாறே. அவர் நற்கருணைக்கு எழுந்து வராததைச் சபை வேறு விதமாய்ப் பேசுவதற்கு முன், ஆயர் தனிக் கிண்ணத்தோடு வீட்டுக்குச் செல்வது நலம். வாய் புண்ணாகியிருப்பின் திராட்சரசம் எரியும். அப்பம் மட்டும் போதும். முடி உதிர்ந்தவர் முக்காட்டோடு பின்வரிசையில் அமர்ந்தால், முன்னே வரும்படி அழைக்கவேண்டா. சிகிச்சை முடிந்த நாளைச் சபை கொண்டாட விரும்பும். ஆனால் பலருக்கு அச்சம் தொடங்குவது அந்நாளில்தான், மருத்துவமனைக்குப் போகும் நாள்கள் குறைந்து தம்மை எவரும் பார்ப்பதில்லை என்னும் உணர்வு வரும்போது.

சுவிசேஷங்களில் இயேசு ஒருவரை இரு படிகளாகக் குணமாக்கியது ஒரே இடத்தில்தான் உண்டு: மாற்கு 8இல், பெத்சாயிதாவின் குருடன். முதல் தொடுதலுக்குப் பின் என்ன காண்கிறாய் என்று ஆண்டவர் கேட்கிறார். மனிதர் மரங்களைப் போல நடமாடுவதாக அவன் சொல்கிறான். முழுமையாய்க் காண்கிறேன் என்று சொல்லி அவரை மகிழ்விக்க அவன் முயலவில்லை. கேட்டவரும் அவ்விடையை ஏற்றுக்கொள்கிறார். நம் வழிபாட்டு முறைகளில் நோயுற்றோருக்கு ஜெபம் உண்டு, தேறினோருக்கு ஸ்தோத்திரம் உண்டு. மரங்களைப் போல மனிதரைக் காணும் வேளைக்கு ஒன்றும் இல்லை. அதை எழுதவேண்டியவர்கள், ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் நம் சபையார். நாம் எழுதிக்கொடுத்தால் மறுபடியும் சொற்களை எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு நாம் மறுமுறை சென்றபோது விடை எதையும் கொண்டுசெல்லவில்லை. அன்று சொல்லும்படி வற்புறுத்தியது எம் தவறு என்று மட்டும் சொல்லி, 88ஆம் சங்கீதத்தை, இருளில் முடியும் அதன் கடைசி வசனம் வரை வாசித்தோம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. 'இருபது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன், ஐயா. இதை யாரும் சபையில் வாசித்துக் கேட்டதில்லையே' என்றார். பிறகு வேதாகமத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அச்சங்கீதத்தை முதலிலிருந்து தாமே வாசிக்கத் தொடங்கினார்.